ஓடுற சாஃப்ட்வேர்ல எதுக்குக் கை வைக்கணும்? - ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பதன் விலை

கோவை, திருப்பூர், பல்லடம் வட்டாரத்தில் எந்த நூற்பாலைக்குள் போனாலும் ஒரு பொடிப் பொருளைப் பார்க்கலாம். பெயர் ‘டிராவலர்’. வளைத்த கம்பித் துண்டு போல, விரல் நகத்தைவிடச் சிறியதாக இருக்கும். ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில் சுற்றும்போது நூலை வழிநடத்திக்கொண்டு ரிங்கின் விளிம்பில் ஓடுவது இதுதான். இதை மில்காரர்கள் செய்வதில்லை, வெளியில் வாங்குகிறார்கள். ஆனால், ‘தேயட்டும், நூல் அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம்’ என்று எந்த மெயின்டனன்ஸ் ஆளும் காத்திருக்க மாட்டார். இத்தனை நாள் ஓடியாச்சா? மாத்து. நூல் நல்லாத்தான் வருதா? இருந்தாலும் மாத்து.

அந்த மில்லின் கணக்கு வழக்கைப் பார்க்கும் ஈஆர்பி சாஃப்ட்வேரை, சில கிலோமீட்டர் தள்ளி சரவணம்பட்டியிலோ பீளமேட்டிலோ ஒரு குழு எழுதியிருக்கும். அதற்குள்ளும் வெளியிலிருந்து எடுத்துப் பொருத்திய சின்னச் சின்னப் பாகங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: “ஓடிட்டுத்தானுங்களே இருக்குது, அதுல எதுக்குங்க கை வெக்கோணும்?”

மில்லில் யாரும் ஒப்புக்கொள்ளாத இந்தப் பதிலை, சாஃப்ட்வேர் துறை மட்டும் நியாயம் போல ஏற்றுக்கொள்கிறது. இது மாற வேண்டும்.

உள்ளே வைத்துக் கட்டிய பாகங்கள்

இன்று யாரும் ஒரு சாஃப்ட்வேரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தாங்களே எழுதுவதில்லை. பிடிஎஃப் உருவாக்க ஒன்று, எக்செல் ஃபைலைப் படிக்க ஒன்று, லாகினைச் சரிபார்க்க ஒன்று என்று பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை எடுத்துக்கொள்கிறார்கள். இவைதான் ‘லைப்ரரி’. பெரும்பாலானவை இலவசம், ஓப்பன் சோர்ஸ்.

இவற்றைச் சேர்ப்பதில் சில வழிகள் உண்டு. தேவையான லைப்ரரிகளின் பெயரையும் வெர்ஷனையும் ஒரு பட்டியலில் எழுதிவிட்டு, பேக்கேஜ் மேனேஜரை வைத்து இறக்கிக்கொள்வது ஒரு வழி. லைப்ரரியின் மொத்த நிரலையும் காப்பி செய்து, நம் புராஜெக்டின் ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொள்வது இன்னொரு வழி. எப்படிச் சேர்த்தாலும், கடைசியில் வாடிக்கையாளருக்குப் போகும் இன்ஸ்டாலருக்குள் அவை மூட்டை கட்டப்பட்டுவிடுகின்றன.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மூட்டைக்குள் இருக்கும் லைப்ரரியை விண்டோஸ் அப்டேட் தொடாது. லைப்ரரியை எழுதியவர் அதில் இருந்த ஓட்டையை எப்போதோ அடைத்திருப்பார். ஆனால், மூட்டை கட்டியவர் புது மூட்டை அனுப்பும் வரை வாடிக்கையாளரின் சர்வரில் பழைய ஓட்டையே இருக்கும்.

‘நிரல் என்ன இரும்பா, தேய்வதற்கு?’ என்று கேட்கலாம். நிரல் தேயாது, உண்மைதான். ஆனால், அதைப் பற்றி வெளியுலகுக்குத் தெரிந்த ரகசியங்கள் கூடிக்கொண்டே போகும். ஓப்பன் சோர்ஸில் ஓட்டையை அடைத்துப் புது வெர்ஷன் வெளியிடும்போது, பழையதற்கும் புதியதற்கும் என்ன வித்தியாசம் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த வித்தியாசமே ‘ஓட்டை இங்கே இருந்தது’ என்று தாக்குபவருக்கு வழி காட்டிவிடும். அதாவது, மருந்து வெளியான நாளிலிருந்துதான் மருந்து சாப்பிடாதவருக்கு ஆபத்து அதிகம்.

தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம்

இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா வரை போக வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ‘மேனேஜ்இன்ஜின்’ மென்பொருள்கள் உலகம் முழுக்க நிறுவனங்களின் ஐடி பிரிவுகளில் ஓடுகின்றன. 2022 இறுதியில் இவற்றில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தது. அதற்குக் கொடுக்கப்பட்ட எண் சிவிஇ-2022-47966. பாதிக்கப்பட்டவை இருபதுக்கும் மேற்பட்ட புராடக்ட்கள்.

ஓட்டை ஜோஹோ பொறியாளர்கள் எழுதிய நிரலில் இல்லை. ‘அப்பாச்சி சான்டுவாரியோ’ என்ற வெளி லைப்ரரியின் பழைய வெர்ஷனில் இருந்தது. ஒரே பாஸ்வேர்டில் எல்லா இடத்திலும் நுழையும் ‘சிங்கிள் சைன்-ஆன்’ வசதிக்காக, வரும் செய்தியின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க அந்த லைப்ரரி பயன்பட்டது. பழைய வெர்ஷனில், கையெழுத்து உண்மையா என்று பார்ப்பதற்கு முன்பே செய்திக்குள் இருக்கும் சில கட்டளைகள் இயங்கிவிடும். வாட்ச்மேன் அடையாள அட்டையைக் கேட்பதற்கு முன்பே, வந்தவர் சொன்ன வேலையைச் செய்து கொடுத்தால் எப்படி? அப்படித்தான். சிங்கிள் சைன்-ஆன் இயக்கப்பட்டிருந்த சர்வருக்குள், பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் வெளியாட்கள் தங்கள் நிரலை ஓட்ட முடிந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான்: மூல லைப்ரரியில் இந்தக் கோளாறு எப்போதோ சரிசெய்யப்பட்டிருந்தது. மூட்டைக்குள் இருந்ததோ பத்தாண்டுக்கும் மேல் பழைய வெர்ஷன். ஜோஹோ 2022 அக்டோபர் இறுதியிலிருந்தே திருத்தங்களை வெளியிட்டது. பழைய வெளி லைப்ரரிதான் காரணம் என்பதையும் வெளிப்படையாகச் சொன்னது. தீர்வும் அந்த லைப்ரரியைப் புது வெர்ஷனுக்கு மாற்றியதுதான்.

கதை அதோடு முடியவில்லை. 2023 ஜனவரியில் தாக்கும் முறையை விளக்கும் மாதிரி நிரல் பொதுவெளிக்கு வந்தது. அதே மாதம் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, ‘தாக்குதலில் பயன்படுத்தப்படும் ஓட்டைகள்’ பட்டியலில் இதைச் சேர்த்தது. விமானத் துறையைச் சேர்ந்த ஓர் அமைப்பின் சர்வருக்குள் இதே வழியாக ஊடுருவல் நடந்ததாக 2023 செப்டம்பரில் சிசாவும் எஃப்பிஐயும் கூட்டாக அறிவித்தன. ஊடுருவல் நடந்தது 2023 ஜனவரியில். திருத்தம் கையில் கிடைத்தும் இரண்டு மாதத்துக்கு மேல் போடாமல் இருந்தவர்கள் மாட்டினார்கள்.

ஆக, தாமதம் இரண்டு இடத்தில். லைப்ரரியிலிருந்து புராடக்டுக்கு வருவதற்குள் ஒன்று, புராடக்டிலிருந்து வாடிக்கையாளரின் சர்வருக்குப் போவதற்குள் இன்னொன்று. திறமையான பொறியாளர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் நிறுவனத்திலேயே இது நடந்தது என்றால், பதினைந்து பேர் இருக்கும் ஒரு கோவை கம்பெனியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தள்ளிப்போடுவதற்கும் காரணம் உண்டு

‘சோம்பேறித்தனம்’ என்று டெவலப்பர்களைத் திட்டுவது சுலபம். உண்மை அதுவல்ல. இந்த வேலை நிஜமாகவே கடினம். செய்தவருக்குப் பெயரும் கிடைக்காது.

லைப்ரரி வெர்ஷன் எண்ணில் பொதுவாக மூன்று பகுதிகள் இருக்கும். 2.4.1 என்றால், கடைசி எண் மாறுவது கோளாறு திருத்தம். நடு எண் மாறுவது புது வசதி. முதல் எண் மாறினால், பழைய நிரலோடு ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் கிடையாது. பல குழுக்கள் சின்ன மாற்றங்களை எல்லாம் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரேயடியாக 2-லிருந்து 5-க்குத் தாவ வேண்டிய நிலைக்கு வந்துவிடுகின்றன. அப்போது அது அப்டேட் அல்ல, வீட்டை இடித்துக் கட்டுவது.

இணையதளங்கள் கட்டப் பெரிதும் பயன்பட்ட ‘ஆங்குலர்ஜேஎஸ்’ நல்ல உதாரணம். அதற்கு மாற்றாக முழுக்கப் புதிதாக எழுதப்பட்ட ‘ஆங்குலர் 2’ 2016 செப்டம்பரில் வந்தது. பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பருடன் முடிந்தது. இடையில் ஐந்து ஆண்டுகள் அவகாசம். அந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வொரு திரையாக மாற்றியவர்களுக்கு அது வேலை. கடைசி வரை காத்திருந்தவர்களுக்கு அது தலைவலி.

இன்னொரு சிக்கல், லைப்ரரிக்குள்ளேயே கை வைப்பது. டெலிவரிக்கு முந்தின நாள் ராத்திரி, அவசரத்துக்கு லைப்ரரியின் நிரலிலேயே நான்கு வரியை மாற்றிவிடுவார்கள். எழுதியவர் அடுத்த வருடம் பெங்களூருக்குப் போய்விடுவார். அந்த நான்கு வரி எங்கே, எதற்காக என்று யாருக்கும் தெரியாது. புது வெர்ஷன் போட்டால் அது அழிந்துவிடும், எது உடையும் என்றும் தெரியாது. அதனால், யாரும் தொடுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் அப்ரைசல். புது ஃபீச்சர் செய்தவருக்கு டெமோவில் கைதட்டல். மூன்று வாரம் உட்கார்ந்து முப்பது லைப்ரரியை மாற்றியவரிடம், “என்னப்பா புதுசா பண்ணுன?” என்ற கேள்வி. மாற்றியதில் ஏதாவது உடைந்தால் பழி மட்டும் அவருக்கு. இப்படி ஒரு கணக்கு இருக்கும்போது, இருபத்தைந்து வயது டெவலப்பர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

எதையும் உடனே போட்டுவிடலாமா?

‘அப்படியானால் புது வெர்ஷன் வந்த அன்றைக்கே போட்டுவிட வேண்டியதுதானே’ என்று கேட்டால், அதுவும் சரியல்ல. 2024 மார்ச்சில் நடந்ததைப் பார்க்கலாம். லினக்ஸ் உலகில் ஃபைல்களைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ என்ற தொகுப்பின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக் கதவை வைத்திருந்தார்கள். மைக்ரோசாஃப்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வர் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியபோதுதான் அது வெளியே வந்தது. பழைய நிலையான வெர்ஷனில் இருந்தவர்கள் தப்பினார்கள். சோதனை வெர்ஷன்களை உடனுக்குடன் போட்டவர்கள்தான் பதறினார்கள்.

இதை ‘பார்த்தீங்களா, பழசே பாதுகாப்பு’ என்று படிக்கக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள், தாங்கள் மாட்டியிருக்கிறோமா இல்லையா என்று அன்றைக்கே சொல்ல முடிந்தது என்பதே இதன் பாடம். சாதாரண அப்டேட்டுக்குச் சில நாள் பொறுத்து, சோதித்துப் போடலாம். பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பொறுக்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ விவகாரம் வெடித்தபோது உலகம் முழுக்க ஐடி பிரிவுகளில் முதலில் எழுந்த கேள்வி ‘எப்படி அடைப்பது?’ அல்ல. ‘இது நம்மகிட்ட இருக்கா? எங்கே இருக்கு?’ என்பதுதான். ஜாவாவில் எழுதிய எண்ணற்ற மென்பொருள்களுக்குள் புதைந்திருந்த லைப்ரரி அது. பலர் நேரடியாகச் சேர்த்திருக்கவே இல்லை. அவர்கள் சேர்த்த வேறொரு லைப்ரரி அதைக் கூட்டி வந்திருந்தது. திருத்தமும் ஒன்றோடு நிற்கவில்லை. 2.15, 2.16, 2.17 என்று அந்த ஒரே மாதத்தில் அடுத்தடுத்து வெர்ஷன்கள் வந்தன. அப்டேட் செய்து பழகிய குழுக்கள் ஒவ்வொன்றையும் போட்டன. பழக்கம் இல்லாதவர்கள் முதல் திருத்தத்துக்கே திணறினார்கள்.

என்ன செய்யலாம்?

முதல் வேலை பட்டியல். எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன், எங்கிருந்து எடுத்தது, என்ன லைசென்ஸ், நாம் அதில் ஏதாவது மாற்றினோமா என்று எழுதி வைக்க வேண்டும். இதைத்தான் ‘எஸ்பிஓஎம்’ என்கிறார்கள். ஒரு மெஷினுக்கு உதிரிபாகப் பட்டியல் இருப்பது போல சாஃப்ட்வேருக்கான பட்டியல். கையால் எழுத வேண்டியதில்லை. ‘சைக்ளோன்டிஎக்ஸ்’, ‘எஸ்பிடிஎக்ஸ்’ போன்ற வடிவங்களில் தானாக உருவாக்க இலவசக் கருவிகள் உண்டு. ஆனால், யாரோ காப்பி செய்து ஃபோல்டரில் போட்ட லைப்ரரி இந்தக் கருவிகளின் கண்ணில் படாமல் போகலாம். அதை ஆள்தான் தேட வேண்டும்.

இரண்டாவது, பெயர். ஒவ்வொரு லைப்ரரிக்கும் பொறுப்பாளர் என்று ஒருவர் பெயர் வேண்டும். ‘டீம் பார்த்துக்கும்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது, நாள். மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ, ஃபீச்சர் வேலையை நிறுத்திவிட்டு அப்டேட்டுக்கு என்று நாள் ஒதுக்க வேண்டும். கிட்ஹப்பின் ‘டிபெண்டபாட்’ போன்ற கருவி புது வெர்ஷன் வந்ததும் சொல்லிவிடும். ஆனால், அது அனுப்பும் எண்பது கோரிக்கைகளைப் படிக்காமல் மூடுவதும் நடக்கிறது. அலாரம் அடித்தால் போதாது, எழுந்திருக்கவும் வேண்டும்.

நான்காவது, ஒழுங்கு. லைப்ரரியின் நிரலை மாற்றியே ஆக வேண்டும் என்றால், அந்த மாற்றத்தைத் தனி ஃபைலாக, காரணத்தோடு வைக்க வேண்டும். முடிந்தால் அதை மூல லைப்ரரிக்கே அனுப்பிவிட வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால், அடுத்த வெர்ஷனில் அந்தச் சுமை நம் தலையில் இல்லை. பயன்படாத லைப்ரரியைத் தூக்கிவிடுவது இன்னும் நல்லது. இல்லாத பாகத்துக்குப் பராமரிப்பு இல்லை.

திருப்பூர் ஏற்கெனவே படித்த பாடம்

இதெல்லாம் சின்னக் கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகுமா? கொங்கு மண்டலத்தில் இதே கேள்வியை வேறொரு தொழில் ஏற்கெனவே கேட்டிருக்கிறது.

1990களின் நடுவில், சில வகை அசோ சாயங்கள் ஏற்றிய துணிகளுக்கு ஜெர்மனி தடை போட்டது. இந்திய அரசும் 1997இல் அத்தகைய சாயங்களைத் தடை செய்தது. பனியன் தைப்பவர் சாயத்தைத் தயாரிப்பதில்லை. சாயப்பட்டறையில் கொடுத்து வாங்குகிறார். ஆனால், ‘சாயத்துக்கு நான் பொறுப்பில்லீங்க’ என்ற பதிலை வெளிநாட்டு பையர் கேட்கத் தயாராக இல்லை. பனியனில் யார் லேபிள் இருக்கிறதோ, அவர்தான் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் கன்டெய்னர் நகராது என்ற நிலை வந்தது. ஆரம்பத்தில் சுமையாகத் தெரிந்தது, பிறகு ஆர்டர் பிடிக்கும் தகுதியாகவே ஆகிவிட்டது.

சாஃப்ட்வேருக்கும் இப்போது அதே காலம் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட்’ 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். தாக்குதலில் பயன்படும் ஓட்டை தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கை தர வேண்டும் என்ற விதி அதற்கும் முன்பாக, 2026 செப்டம்பர் 11 முதல் பொருந்தும். வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த பாகங்களில் கவனமாக இருப்பதும், அவற்றின் பட்டியலை வைத்திருப்பதும் தயாரிப்பாளரின் கடமை. மீறினால் அபராதம் 1.5 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய விற்பனையில் 2.5 சதவீதம் வரை போகலாம். ஐரோப்பாவுக்கு சாஃப்ட்வேரை விற்பவர்களுக்கு மட்டுமல்ல, இன்டர்நெட்டில் இணையும் பம்ப் கன்ட்ரோலரையும் டெக்ஸ்டைல் மெஷினையும் ஏற்றுமதி செய்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் நிரலும் இதே கணக்கில்தான் வருகிறது.

இந்தியாவிலும் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் எஸ்பிஓஎம் குறித்த தொழில்நுட்ப வழிகாட்டுதலை வெளியிட்டது. 2025 ஜூலையில் அதை இன்னும் விரிவாக்கியது. அரசுத் துறைகளுக்கும் அத்தியாவசியச் சேவைகளுக்கும் மட்டுமல்ல, சாஃப்ட்வேர் ஏற்றுமதி நிறுவனங்களுக்குமான வழிகாட்டுதல் அது.

பணம் யார் தருவது?

கடைசியில் எல்லாம் இந்தக் கேள்வியில் வந்து நிற்கும். ஒரு மில்லோ ஆஸ்பத்திரியோ சாஃப்ட்வேர் வாங்கும்போது ஒருமுறை விலை பேசுகிறது. பிறகு ஏஎம்சி என்று ஒரு தொகை. அந்தத் தொகைக்குள் ‘போன் பண்ணினால் ஆள் வருவது’ இருக்கிறது. லைப்ரரிகளை மாற்றி, சோதித்து, புது மூட்டை அனுப்பும் வேலை பல ஒப்பந்தங்களில் ஒரு வரியாகக்கூட இருப்பதில்லை. வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவர் சொல்வதில்லை. அந்த வேலைக்கு மணிக்கணக்கு இல்லாததால், மேனேஜர் டெவலப்பருக்கு நேரம் தருவதில்லை.

இதை இரண்டு பக்கமும் மாற்றலாம். விற்கும் நிறுவனம் ஒப்பந்தத்திலேயே எழுதட்டும்: உள்ளே இருக்கும் லைப்ரரிகளின் பட்டியல் தருகிறோம், வருடத்துக்கு இத்தனை முறை புதுப்பிக்கிறோம், பாதுகாப்புத் திருத்தம் என்றால் இத்தனை நாளுக்குள், இதற்கு இவ்வளவு கட்டணம். வாங்குபவரும் கேட்கட்டும். பேரிங் எந்த கம்பெனி என்று கேட்டு மோட்டார் வாங்குகிற ஊர் இது. சாஃப்ட்வேருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில் கூச்சம் எதற்கு?

நிறுவனத்துக்கு உள்ளேயும் ஒரு மாற்றம் தேவை. அப்டேட் வேலை செய்தவரின் பெயர் அப்ரைசலில் ஃபீச்சர் செய்தவர் பெயருக்கு இணையாக வர வேண்டும். மூன்று வார வேலைக்குப் பிறகு ‘ஒண்ணும் மாறலியே’ என்று வாடிக்கையாளர் சொன்னால், அது குறையல்ல. அந்த வேலை சரியாக நடந்ததற்கு அதுதான் சாட்சி.

நூற்பாலையில் டிராவலர் மாற்றும் தொழிலாளியிடம் யாரும் ‘புதுசா என்ன பண்ணுன?’ என்று கேட்பதில்லை. அந்த ஷிஃப்டில் நூல் அறுந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். நீங்கள் வேலை செய்யும் புராடக்டில் லாகினைச் சரிபார்க்கும் லைப்ரரி எது, அது எந்த வெர்ஷன், அதற்குப் பொறுப்பு யார்? வரும் திங்கட்கிழமை டீம் மீட்டிங்கில் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால், வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.